அடக்க ஆராதனையை யார் நடத்துவது?



சமயமும் சமூகமும் என்ற எல்லைக்குள் எதைப் பற்றியும் பேசலாம் என்று இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கான அழைப்பில் சொல்லியிருந்தார்கள். தன்பாலீர்ப்பு கொண்ட குருமார்மீதும் விசுவாசிகள்மீதும் சமயத்தின் பேரால் காட்டப்படும் பகைமையையும், அதற்கு நாம் தரவேண்டிய பதிலையும் எடுத்துக்கொண்டேன். எல்லாச் சமயங்களிலும் இந்தப் பகைமை உண்டு. ஆனால் நான் பிறந்து வளர்ந்து, இன்றும் ஞாயிறுதோறும் போய் உட்காருகிற இடம் கிறிஸ்தவத் திருச்சபை. அதன் உள்நடப்பு எனக்குத் தெரியும். ஆகவே அதற்குள்ளேயே நின்று பேசுகிறேன்.

வழக்கமாக இந்தப் பேச்சை வசனங்களில் தொடங்குவார்கள். லேவியராகமம் என்ன சொல்கிறது, பவுல் ரோமருக்கு என்ன எழுதினார் என்று ஆரம்பித்து, இரு தரப்பாரும் தத்தம் வசனங்களை அடுக்கிவிட்டுக் கலைந்துபோவார்கள். வசனங்களுக்கு நானும் வருவேன். அதற்கு முன் உங்களை மூன்று சாவு வீடுகளுக்கு அழைத்துப்போக விரும்புகிறேன். ஒரு சபை ஒருவரைத் தன்னவராக நினைக்கிறதா என்பது அவர் இறந்த அன்று தெரிந்துவிடும். உயிரோடு இருக்கும்போது பாடகர் குழுவில் பாட விடுவார்கள். காணிக்கையும் சந்தாவும் வாங்கிக்கொள்வார்கள். ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்தக்கூட விடுவார்கள். பெட்டி வாசலுக்கு வந்த பிறகு ஆலய மணி அடிக்குமா, குருவானவர் அங்கி அணிந்து முன்னே நடப்பாரா, கல்லறைத் தோட்டத்தில் குழி எந்த மூலையில் வெட்டப்படும் என்பவை வேறு கேள்விகள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைத் தனியாக ஒதுக்கிய சுவரை அறிந்த நமக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

முதலாவது சாவு, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில். 1973 ஜூன் 24, ஞாயிற்றுக்கிழமை மாலை. பிரெஞ்சு குவார்ட்டர் பகுதியில் ஒரு கட்டடத்தின் மாடியில் அப்ஸ்டேர்ஸ் லவுஞ்ச் என்ற மதுக்கூடம் இருந்தது. தன்பாலீர்ப்பாளர்கள் ஓரளவு அச்சமின்றிக் கூட முடிந்த இடங்களில் அது ஒன்று. மாடிப்படியில் எரிதிரவம் ஊற்றி யாரோ தீ வைத்தார்கள். ஜன்னல்களில் கம்பி போட்டிருந்தது. 32 பேர் இறந்தார்கள். அந்தக் கொலைகளுக்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

இறந்தவர்களில் பலர் ஒரே சபையைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய போதகர் பில் லார்சன் ஜன்னல் கம்பிகளுக்கிடையில் சிக்கி இறந்தார். உதவிப் போதகர் ஜார்ஜ் மிட்செல் தப்பி வெளியே வந்துவிட்டவர். தம் துணைவர் உள்ளே இருக்கிறார் என்று தெரிந்ததும் திரும்பப் போனார். இருவரும் சேர்ந்தே இறந்துகிடந்தார்கள். அந்தச் சபையின் பெயர் மெட்ரோபாலிட்டன் கம்யூனிட்டி சர்ச். பெந்தெகொஸ்தே மரபில் போதகராக இருந்து, தன்பாலீர்ப்பின் காரணமாகவே பணியை இழந்த டிராய் பெரி என்பவர் 1968 அக்டோபர் 6 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் அருகே தம் வீட்டில் 12 பேரோடு தொடங்கியது அது. எந்த ஆலயமும் சேர்க்காதவர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட ஆலயம்.

செய்தி கேட்டதும் பெரி விமானமேறி வந்தார். நினைவு ஆராதனை நடத்த இடம் தேடினார். கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டன. கத்தோலிக்கர் நிறைந்த அந்த நகரத்தின் பேராயரிடமிருந்து ஓர் இரங்கல் சொல்கூட வரவில்லை. 40 ஆண்டு கழித்து, 2013இல், அந்தப் பதவியில் இருந்த இன்னொருவர் அதற்காக வருத்தம் தெரிவித்தார். அந்த வாரத்தில் அசைந்தவர் புனித ஜார்ஜ் எபிஸ்கோப்பல் ஆலயத்தின் குருவானவர் வில்லியம் ரிச்சர்ட்சன். தீ அணைந்த மறுநாளே தம் ஆலயத்தைத் திறந்து ஒரு சிறிய ஜெப ஆராதனைக்கு இடம் கொடுத்தார். ஏறக்குறைய 80 பேர் வந்து அழுதுவிட்டுப் போனார்கள். அவருடைய பேராயர் அவரைக் கண்டித்தார். வசைக் கடிதங்கள் குவிந்தன. அவர் பின்வாங்கவில்லை. ஜூலை 1 அன்று புனித மாற்கு மெதடிஸ்ட் ஆலயம் இரண்டாவது ஆராதனைக்கு இடம் தந்தது. அடையாளம் தெரியாமல் போன சிலரை நகரத்து ஏழைகளின் பொதுக் கல்லறையில் புதைத்தார்கள்.

ரிச்சர்ட்சன் புரட்சிக்காரர் அல்லர். அவர் பெயரில் பெரிய இறையியல் நூல் எதுவும் இல்லை. துக்கப்படுகிறவர்களுக்கு ஆலயத்தைத் திறந்து வைப்பது குருவானவரின் அன்றாட வேலை. அந்த வேலையை அந்த ஜனங்களுக்கும் செய்தார், அவ்வளவுதான். இந்த உரை முழுவதும் நான் சொல்லப்போவதன் கரு அந்தச் செயலில் இருக்கிறது. பகைமைக்குப் பதில் சொல்லவேண்டிய முதல் பொறுப்பு தாக்கப்படுகிறவருடையது ஆகாது, பக்கத்தில் நிற்கிறவருடையது. அந்தப் பதில் வாதமாக வருவதற்கு முன் ஊழியமாக வரவேண்டும்.

இரண்டாவது சாவு உகாண்டாவில். டேவிட் கேட்டோ பள்ளி ஆசிரியராக இருந்தவர். தன்பாலீர்ப்பாளர்களின் உரிமைக்காகப் பகிரங்கமாகப் பேசியவர். 2010 அக்டோபரில் கம்பாலாவின் ஒரு வாரப் பத்திரிகை தன்பாலீர்ப்பாளர்கள் என்று சொல்லிப் பலருடைய பெயரையும் படத்தையும் அச்சிட்டு, அவர்களைத் தூக்கிலிடவேண்டும் என்று தலைப்புப் போட்டது. கேட்டோவும் இன்னும் இருவரும் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரி 3 அன்று வழக்கில் வென்றார்கள். ஜனவரி 26 அன்று கேட்டோ தம் வீட்டிலேயே சுத்தியலால் தாக்கிக் கொல்லப்பட்டார்.

இரண்டு நாள் கழித்து முகோனோ மாவட்டத்தில் அவருடைய சொந்தக் கிராமத்தில் அடக்கம். தாயும் உறவினரும் உட்கார்ந்திருக்க, நண்பர்கள் நிற்க, ஆராதனை நடத்த வந்த ஆங்கிலிக்கன் போதகர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு சோதோம் கொமோரா பற்றிப் பிரசங்கிக்கத் தொடங்கினார். பெட்டியில் கிடப்பவரின் நண்பர்களைப் பார்த்து மனந்திரும்பச் சொன்னார். நண்பர்களில் ஒரு பெண் ஒலிவாங்கியைப் பறித்தார். கைகலப்பு மூண்டது. போதகர் பாதியில் விலகினார். ஊரார் பெட்டியைத் தூக்கி அடக்கம் செய்ய மறுத்துவிட்டார்கள்.

அங்கே ஒரு கிழவர் இருந்தார். கிறிஸ்டோபர் செனியோஞ்ஜோ, அப்போது வயது 79. 1974 முதல் 1998 வரை மேற்கு புகாண்டா திருமண்டலத்தின் பேராயராக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவியும் பேரப்பிள்ளைகளும் உள்ளவர். ஓய்வுக்குப் பின் ஆலோசனைப் பணி செய்துகொண்டிருந்தபோது தன்பாலீர்ப்பு கொண்ட இளைஞர்கள் அவரிடம் வந்தார்கள். அவர்களை மாற்றச் சொல்லித் திருச்சபைத் தலைமை உத்தரவிட்டது. கடவுள் உங்களை இப்படியே நேசிக்கிறார் என்று அவர்களிடம் சொன்னதை அவர் திரும்பப் பெறவில்லை. அதற்காக அவருடைய பேராயர் அந்தஸ்தையும் ஆராதனை நடத்தும் உரிமையையும் உகாண்டாத் திருச்சபை பறித்துக்கொண்டது. அந்த மனிதர்தான் அன்று நண்பர்கள் சுமந்த பெட்டியின் முன்னே நடந்தார். குழியருகே நின்று ஜெபித்தார். சபை ஒருவரிடமிருந்து உரிமத்தைப் பறிக்கலாம். இறந்தவருக்காக ஜெபிக்கும் கடமையைப் பறிக்க அதற்கு அதிகாரம் இல்லை என்பதை அவர் நின்ற நிலையே சொன்னது.

இந்த இடத்தில் ஓர் எதிர்வாதத்தை எடுத்துக்கொள்ளவேண்டும். தன்பாலீர்ப்பு மேல்நாட்டுச் சரக்கு, அதை ஏற்கச் சொல்வது வெள்ளைக்காரர் நம்மீது திணிக்கும் பண்பாடு என்று ஆப்பிரிக்காவிலும் சொல்கிறார்கள், இங்கும் சொல்கிறார்கள். வரலாற்றைப் பாருங்கள். தன்பாலுறவைக் குற்றமாக்கிய, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு 1860இல் ஆங்கிலேயர் எழுதியது. அதே அச்சில் வார்த்த சட்டங்களைத்தான் அவர்கள் உகாண்டா உள்ளிட்ட தங்கள் ஆட்சிப் பகுதிகளுக்கும் கொண்டுபோனார்கள். 2009 மார்ச்சில் கம்பாலாவில் தன்பாலீர்ப்புக்கு எதிரான கருத்தரங்கு ஒன்று நடந்தது. பேசியவர்கள் அமெரிக்காவிலிருந்து வந்த ஸ்காட் லைவ்லி முதலான மூவர். அதே ஆண்டு அக்டோபரில் மரண தண்டனைப் பிரிவோடு சட்ட முன்வரைவு நாடாளுமன்றத்துக்கு வந்தது. 2014இல் தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டுச் சட்டமானது. நீதிமன்றம் அதை நடைமுறைக் காரணத்தால் ரத்து செய்தது. 2023இல் புதிய சட்டம், சில குற்றங்களுக்கு மரண தண்டனையோடு, மீண்டும் வந்தது. உகாண்டாவின் ஆங்கிலிக்கன் தலைமைப் பேராயர் அதை வரவேற்றார். அன்றைய கேன்டர்பரி தலைமைப் பேராயர் ஜஸ்டின் வெல்பி வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். நல்லது. ஆனால் அப்படியொரு வருத்தம் 1998இலேயே வந்திருக்கவேண்டும். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

கம்பாலாக் கருத்தரங்கில் உட்கார்ந்து கேட்டவர்களில் கப்யா கவோமா என்ற ஜாம்பிய ஆங்கிலிக்கன் குருவானவரும் ஒருவர். அங்கே பேசப்பட்டதைப் பதிவுசெய்து, அமெரிக்கக் குழுக்களுக்கும் ஆப்பிரிக்கத் திருச்சபைகளுக்கும் உள்ள தொடர்புகளை ஆராய்ந்து அதே ஆண்டு அறிக்கையாக வெளியிட்டார். செனியோஞ்ஜோவும் ஆப்பிரிக்கர், கவோமாவும் ஆப்பிரிக்கர். ஆக, இறக்குமதியான பொருள் எது, மண்ணின் மனச்சாட்சி எது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

மூன்றாவது சாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டூவின் மகள் ம்போ டூட்டூ தந்தையைப் போலவே குருவானவர். அவர் ஒரு டச்சுப் பெண்ணை மணந்துகொண்டதால் தென்னாப்பிரிக்கத் திருச்சபையில் 2016இல் உரிமத்தைத் திருப்பித் தரவேண்டியதாயிற்று. 2022இல் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் அவருடைய ஞானத்தகப்பன் இறந்தார். தம் அடக்க ஆராதனையை ம்போவே நடத்தவேண்டும் என்பது முதியவரின் விருப்பம். இங்கிலாந்துத் திருச்சபை அனுமதி மறுத்தது. குடும்பத்தார் வாதாடிக்கொண்டு நிற்கவில்லை. ஆராதனையை ஆலயத்திலிருந்து பக்கத்தில் போட்ட கூடாரத்துக்கு மாற்றினார்கள். ம்போ அங்கே நடத்தினார். நிறவெறியை வென்றதற்காக டூட்டூவை உலகமே கொண்டாடியது. அவருடைய மகளுக்கு, அவர் இறந்து ஓராண்டு ஆவதற்குள், ஒரு கிராமத்து ஆலயத்தில் நிற்க இடம் இல்லை. இங்கே கத்தி இல்லை, கல் இல்லை. மரியாதையான மொழியில் ஒரு மறுப்பு. பகைமை எப்போதும் உரத்த குரலில் வராது.

மரியாதையான பகைமைக்கு இன்னொரு சான்று ஜெஃப்ரி ஜான். 2003 மே மாதம் இங்கிலாந்தில் ரெடிங் பகுதிக்குப் பேராயராக அவர் பெயர் அறிவிக்கப்பட்டது. அவருக்கு நீண்டகாலத் துணைவர் இருந்தார். ஆனால் தாம் துறவு நெறியில்தான் வாழ்வதாக வெளிப்படையாகச் சொன்னார். அதாவது அன்றைய திருச்சபை விதி குருமாரிடம் என்ன கேட்டதோ அதை முழுக்கக் கடைப்பிடித்தவர். அப்படியும் ஒன்பது பேராயர்கள் அவருக்கு எதிராகப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். எட்டுப் பேர் ஆதரித்து எழுதினார்கள். ஜூலையில் தலைமைப் பேராயர் ரோவன் வில்லியம்ஸின் மாளிகைக்கு அழைக்கப்பட்டார். விலகல் கடிதத்தோடு வெளியே வந்தார். செயலைத்தான் கண்டிக்கிறோம், ஆளை வெறுக்கவில்லை என்பது நாம் அடிக்கடி கேட்கும் வாசகம். ஜெஃப்ரி ஜான் விஷயத்தில் கண்டிக்க எந்தச் செயலும் இல்லை. அவர் யார் என்பதை ஒளிக்காததே குற்றமாயிற்று. ஒளித்து வைத்திருந்தவர்கள் அவரவர் பதவிகளில் இருந்தார்கள். உண்மை பேசியவருக்குத் தண்டனை, மறைத்தவருக்குப் பதவி என்று ஒரு சபை நடந்துகொண்டால், அது தன் குருமாருக்குப் பொய்யைக் கற்றுக்கொடுக்கிறது. இதைவிடப் பெரிய ஒழுக்கக் கேடு ஒரு திருச்சபைக்கு வேறென்ன இருக்கமுடியும்?

அதே ஆண்டு அமெரிக்காவில் ஜீன் ராபின்சன், தன்பாலீர்ப்பை ஒளிக்காத இன்னொரு குருவானவர். கென்டக்கி மாநிலத்தில் குத்தகைக்குப் புகையிலை பயிரிட்ட ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 2003 ஜூன் 7 அன்று நியூ ஹாம்ப்ஷயர் திருமண்டலம் அவரைப் பேராயராகத் தேர்ந்தெடுத்தது. அவரோடு பல ஆண்டு பழகிய குருமாரும் சபையாரும் போட்ட ஓட்டு அது. நவம்பர் 2 அன்று ஒரு பனி ஹாக்கி விளையாட்டரங்கில் அபிஷேக ஆராதனை. கொலை மிரட்டல்கள் வந்திருந்ததால் அங்கிக்கு உள்ளே குண்டு துளைக்காத சட்டை அணிந்துகொண்டு அவர் பலிபீடத்துக்கு நடந்தார். ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று முறைப்படி கேட்டார்கள். மூவர் எழுந்து சொன்னார்கள். பொறுமையாகக் கேட்டார்கள். ஒருவர் ஆபாச விவரங்களுக்குள் இறங்கியபோது தலைமை வகித்த ஃபிராங்க் கிரிஸ்வால்ட் இடைமறித்துச் சாரத்தை மட்டும் சொல்லச் சொன்னார். ஆராதனை தொடர்ந்தது. பேராயர்களே, ஆயர்களே, கமிட்டி அங்கத்தினரே, அந்த நடத்தையைக் கவனியுங்கள். மாற்றுக் கருத்துக்கு இடம் தந்தார்கள். மனிதரை அசிங்கப்படுத்த இடம் தரவில்லை.

2008இல் உலகத்தின் ஆங்கிலிக்கன் பேராயர்கள் லாம்பெத் மாநாட்டுக்குக் கூடியபோது ராபின்சனுக்கு அழைப்பு இல்லை. அழைப்பில்லாமலே இங்கிலாந்து போனார். லண்டன் பட்னியில் ஓர் ஆலயத்தில் அவர் பிரசங்கித்துக்கொண்டிருந்தபோது ஒருவர் எழுந்து, வேதப்புரட்டர் என்று கத்தினார். ராபின்சன் பேச்சை நிறுத்தினார். சபையார் பாடத் தொடங்கினார்கள். கத்தியவரை வெளியே அழைத்துப்போன பிறகு, அந்த மனிதருக்காக ஜெபிக்கும்படி ராபின்சன் கேட்டுக்கொண்டார். குரல் நடுங்கியதைக் கேட்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இந்தச் சம்பவத்தைப் பல மேடைகளில் பொறுமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. 2010இல் ஓய்வை அறிவித்தபோது, கொலை மிரட்டல்களும் ஓயாத சர்ச்சையும் தம்மையும் துணைவரையும் எவ்வளவு வாட்டின என்று ராபின்சன் வெளிப்படையாகச் சொன்னார். அடிபடுகிறவரின் பொறுமையைப் புகழ்ந்து கைதட்டுவது நமக்குச் சுலபம். அப்படிப் புகழ்ந்துகொண்டே, அடுத்தவர் வரும்போதும் அவரே தாங்கிக்கொள்ளட்டும் என்று ஒதுங்கிவிடுகிறோம். பட்னியில் நான் பார்ப்பது ராபின்சனின் பொறுமையை மட்டும் அல்ல. பாடத் தொடங்கிய சபையாரைப் பார்க்கிறேன். தங்கள் விருந்தாளியைத் தனியே நிற்க விடக்கூடாது என்று யாரும் சொல்லாமலே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இனி வசனங்கள். ஒரு தெளிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேதத்தைப் பாரம்பரியமான முறையில் வாசிக்கிற எல்லோரையும் பகைவர் என்று நான் சொல்லவில்லை. மனவருத்தத்தோடு அந்த முடிவில் நிற்கும் நல்லவர்கள் என் சபையிலேயே இருக்கிறார்கள். அவர்களோடு ஒரே மேசையில் திருவிருந்து எடுக்கிறேன். அவர்களுக்கு நான் முன்வைப்பது இதுதான்: சோதோமின் அக்கிரமம் எது என்று எசேக்கியேல் 16ஆம் அதிகாரத்தில் வெளிப்படையாகவே பட்டியல் இருக்கிறது. பெருமை, தின்று கொழுத்த நிறைவு, ஏழைக்குக் கை கொடுக்காமை. கேட்டோவின் பெட்டியருகே நின்ற போதகர் அந்தப் பட்டியலைப் படித்திருந்தால் வேறு பிரசங்கம் செய்திருப்பார். அடுத்து, விதையடிக்கப்பட்டவர் கர்த்தருடைய சபைக்குள் வரக்கூடாது என்று உபாகமம் 23இல் கட்டளை இருக்கிறது. அதே வேதத்தில் ஏசாயா 56, அண்ணகர்களுக்குக் கர்த்தரின் வீட்டில் குமாரர் குமாரத்திகளுக்குரியதைவிட மேலான இடம் உண்டு என்கிறது. அப்போஸ்தலர் 8இல் எத்தியோப்பிய அண்ணகன் ரதத்தில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தது ஏசாயாவின் சுருள். தான் ஞானஸ்நானம் பெறத் தடை ஏதும் உண்டா என்று பிலிப்புவிடம் கேட்டான். உபாகமத்தைக் காட்டித் தடை உண்டு என்று பிலிப்பு சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இருவரும் தண்ணீருக்குள் இறங்கினார்கள். ஒரு கட்டளை, அதைத் தாண்டிய ஒரு வாக்குத்தத்தம், அந்த வாக்குத்தத்தத்தை நம்பி ஒருவரைச் சேர்த்துக்கொண்ட ஓர் ஊழியர். இந்த மூன்றும் ஒரே வேதத்துக்குள் இருக்கின்றன.

திருச்சபை இதற்கு முன்பும் தன் வாசிப்பைத் திருத்தியிருக்கிறது. 1833இல் பேராயர் டேனியல் வில்சன், ஆலயத்துக்குள் சாதி பார்த்து உட்காருவதும் சாதி பார்த்துத் திருவிருந்து எடுப்பதும் ஒழியவேண்டும் என்று தென்னகச் சபைகளுக்கு உத்தரவிட்டபோது, எதிர்த்தவர்கள் அவிசுவாசிகள் அல்லர். தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைகளுக்காக நாம் போற்றும் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே எதிர்த்தவர்களில் ஒருவர். அவருடைய பக்தியில் யாரும் குறை காணமுடியாது. ஆழ்ந்த பக்தி உள்ளவர்களும் மனிதரை ஒதுக்குவதில் தவறான பக்கம் நிற்கமுடியும் என்பதற்கு நமக்குப் பிற நாட்டுச் சான்று தேவையில்லை.

இங்கிலாந்துத் திருச்சபையிலும் ஒரு காலத்தில் வேறு காற்று வீசியது. டெரிக் ஷெர்வின் பெய்லி என்ற குருவானவர் 1955இல் இந்தப் பொருளில் ஒரு விரிவான வரலாற்று நூல் எழுதினார். தன்பாலீர்ப்பைச் சட்டம் தண்டிக்கக்கூடாது என்று 1957இல் பரிந்துரைத்த வுல்ஃபென்டன் குழுவுக்குத் திருச்சபைக்குள் நடந்த அந்த ஆய்வு துணையாக இருந்தது. தலைமைப் பேராயர் மைக்கேல் ராம்சே, பாவம் என்று தாம் கருதியதைக்கூடக் குற்றமாக்கக்கூடாது என்று பிரபுக்கள் சபையில் சட்டத் திருத்தத்தை ஆதரித்துப் பேசினார். 1967இல் சட்டம் மாறியது. ஆனால் அதே இங்கிலாந்து விட்டுப்போன சட்டங்கள் முன்னாள் ஆட்சிப் பகுதிகளில் அப்படியே நின்றன. 1998 லாம்பெத் மாநாட்டில் தன்பாலீர்ப்பு வாழ்க்கை வேதத்துக்கு ஒவ்வாதது என்ற தீர்மானம் 526க்கு 70 என்ற கணக்கில் நிறைவேறியது. அந்த நாள்களில் வளாகத்திலேயே ஒரு நைஜீரியப் பேராயர், தன்பாலீர்ப்புக் கிறிஸ்தவர் இயக்கத்தின் செயலர் ரிச்சர்ட் கிர்க்கரின் தலையில் கைவைத்துப் பேயை ஓட்ட முயன்றார். கிர்க்கர் அவருக்கு ஆசி கூறி, இந்த முன்முடிவிலிருந்து கடவுள் அவரை விடுவிக்கவேண்டும் என்று ஜெபித்தார். சுற்றி நின்ற பேராயர்கள் அந்த நிமிடமே ஒன்றாகக் குரல் கொடுத்திருந்தால், தண்டிக்கும் சட்டங்கள் வேண்டாம் என்று ராம்சே பேசியதை உலக அரங்கில் உரக்கத் திரும்பச் சொல்லியிருந்தால், கம்பாலாவில் பிற்பாடு நடந்தவற்றுக்கு எதிராக ஒரு தடுப்பாவது இருந்திருக்கும். வெல்பியின் வருத்தம் தாமதமானது என்று சொன்னது இதனால்தான்.

நம் நாட்டில் 2009இல் டில்லி உயர் நீதிமன்றம் 377ஐ மட்டுப்படுத்தியபோது, மேல்முறையீட்டுக்குப் போனவர்களில் கிறிஸ்தவ, முஸ்லிம், இந்து அமைப்புகள் மூன்றும் இருந்தன. வேறு எதிலும் ஒரே வரிசையில் நிற்காதவர்கள் இதில் நின்றார்கள். 2013 டிசம்பரில் வென்றார்கள். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் திருத்தியது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஒருவருடைய பாலீர்ப்பை மருத்துவத்தின் பேரால் மாற்ற முயல்வதைத் தடைசெய்தார். மருத்துவர் அப்படிச் செய்தால் தொழில் நெறிமீறல் என்று அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையமும் அறிவித்தது. மருத்துவமனைக் கதவு அடைபட்டுவிட்டது. உபவாச ஜெப வீடுகளின் கதவு அடைபடவில்லை. பெற்றோர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், பிசாசு பிடித்திருக்கிறது என்று கட்டி உட்காரவைத்து, எண்ணெய் பூசிக் கூச்சலிடும் இடங்கள் இருக்கின்றன. நீதிமன்றம் அங்கே எளிதில் நுழையாது. பக்கத்துச் சபையின் குருவானவர் நுழையமுடியும். அந்தப் பெற்றோருக்கு வேண்டியது அறிவுரையைவிட ஒரு துணை. உங்கள் பிள்ளைக்கு ஒன்றுமில்லை, அவன் கோவிலுக்கு வரட்டும், நான் இருக்கிறேன் என்று வீட்டுக்கே வந்து சொல்லும் ஒரு குருவானவர்.

குருமாரைப் பற்றி இன்னொன்று. நம் திருமண்டலங்களில் பகைமை பெரும்பாலும் பிரசங்க பீடத்திலிருந்து வருவதில்லை. மொட்டைக் கடிதமாக வரும். இடமாற்றப் பட்டியல் தயாராகும் மாதங்களில், தேர்தல் வரும் ஆண்டுகளில், திருமணமாகாத ஒரு குருவானவரைப் பற்றி நாலு வரி எழுதிப் பேராயர் அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். நிர்வாகம் விசாரிக்கும். விசாரித்ததே செய்தியாகப் பரவும். சிறுவர்மீதான அத்துமீறல் வேறு, தன்பாலீர்ப்பு வேறு என்பதை அந்தக் கடிதங்கள் வேண்டுமென்றே குழப்பும். முன்னதைக் காவல்துறையிடம் கொண்டுபோகவேண்டும், ஒருநாளும் மூடி மறைக்கக்கூடாது. பின்னது புகாரே ஆகாது. பெயர் போடாத கடிதத்தைக் கிழித்துப் போடும் பேராயர் ஒருவர் இருந்தால், அவருடைய திருமண்டலத்தில் எத்தனையோ பேர் இரவில் தூங்குவார்கள்.

காத்திருந்தால் காலம் மாற்றிவிடும் என்று சிலர் நினைக்கலாம். அமெரிக்காவின் ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபை 1972இல் எழுதிச் சேர்த்த கண்டன வாசகத்தை 2024இல் சார்லட் நகரில்தான் நீக்கியது. இடையில் 52 ஆண்டுகள். ஃபிராங்க் ஷேஃபர் என்ற போதகர் தன்பாலீர்ப்பாளரான தம் சொந்த மகனுக்குத் திருமணம் நடத்தி வைத்ததற்காக 2013இல் பணியிழந்து, மறுஆண்டு மேல்முறையீட்டில் மீண்டார். பெத் ஸ்ட்ரவுட் என்ற பெண் போதகர் தம் துணைவியைப் பற்றிச் சபையாரிடம் மறைக்காமல் சொன்னதற்காக 2004இல் நீக்கப்பட்டு, 20 ஆண்டு கழித்து 2024இல் மீண்டும் சேர்க்கப்பட்டார். தீர்மானத்துக்கு முன்பே ஆயிரக்கணக்கான சபைகள் பிரிந்துபோயிருந்தன. காலம் தானாக எதையும் மாற்றவில்லை. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அந்தத் தீர்மானத்தை மறுபடி மறுபடி கொண்டுவந்து தோற்றவர்கள் மாற்றினார்கள்.

ஆகவே இங்கே அமர்ந்திருக்கும் சபைக் கமிட்டி அங்கத்தினர்களிடம் ஒரு கோரிக்கை. இறையியல் சர்ச்சை தீரும்வரை நீங்கள் காத்திருக்கவேண்டாம். அடுத்த கூட்டத்தின் பொருள் பட்டியலில் ஒரு வரி சேருங்கள்: நம் சபையில் ஞானஸ்நானம் பெற்ற எவருக்கும், பாலீர்ப்பைக் காரணம் காட்டி அடக்க ஆராதனையும் மணியும் கல்லறை இடமும் மறுக்கப்படமாட்டா, வாழ்க்கைத் துணையாக உடனிருந்தவர் குடும்பத்தாரோடு முன்வரிசையில் உட்காருவார். விவாதம் நடக்கும், சிலர் எழுந்து போகவும் கூடும். போகட்டும். தீர்மானத்தை நடவடிக்கைக் குறிப்பில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் பாடகர் குழுவில் வாயைத் திறந்து பாடுகிற, வாயைத் திறந்து தன்னைப் பற்றிப் பேசாத அந்த ஒருவருக்கு, அதை அறிவிப்பில் வாசிக்கிற ஞாயிறன்று செய்தி போய்ச் சேரும்.